அடிக்காமல் விட்ட பந்து

1996ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் திகதி, புதன்கிழமை. நாலரை மணிக்கு எழுந்தேன். முகம் வழித்து, முதல்நாளே அழுத்தி வைத்திருந்த நீலச் சட்டையைப் போட்டேன். ஒரு கோப்பை தேத்தண்ணீர், இரண்டு துண்டு பாண். மனைவிக்குப் பிற்பகல் வேலை என்பதால் எழுப்பவில்லை. மதியத்துக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கியபோது, புலம்பெயர்ந்து வந்து வோபர்ன் என்ற பகுதியில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தின் வாசலில் அண்ணையின் கார் உறுமிக்கொண்டு நின்றது.

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்ல. எங்களுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நகரத்துப் பேஸ்பால் அரங்கில் அவர் சமையற்கூடத்தில் பெரிய சட்டிகள் கழுவினார். நான் அதே அரங்கில் நடைபாதைகளைத் துடைத்தேன். எனக்கு நாற்பத்தாறு வயதானபோதும் அவருக்கு நான் தம்பிதான்.

"இண்டைக்கு உன்ர கல்லுப்பிள்ளையாருக்குக் கடைசிப் பூசை, தம்பி," என்றார், நான் கதவைச் சாத்துவதற்கு முன்பே.

"ஏன் அண்ணை காலங்காத்தால?"

"பேப்பரில கிடக்கு. இண்டையான் மட்ச்சிலயும் உவன் மரம் மாதிரி நிண்டால், நாளைக்குக் கீழ்ப்பிரிவு ரீமுக்கு அனுப்பிப்போடுவாங்கள். முப்பத்து மூண்டு வயசு. போனவன் போனவன்தான்."

அவர் கல்லுப்பிள்ளையார் என்றது அந்த அணியின் துடுப்பாட்டக்காரர் ஒருவரை. பத்திரிகைகள் அவருக்கு 'சிலை' என்று பெயர் வைத்திருந்தன. அவர் நிருபர்களிடம் பேசமாட்டார். வேலிக்கு அருகே கைநீட்டும் ரசிகர்களைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். அது திமிர் என்றார்கள். அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு ஒன்று இருந்தது. மற்றவர்கள் ஓங்கி அடிக்கும் பந்துகளை அவர் அசையாமல் நின்று விட்டுவிடுவார். பந்துக்குப் பயம், தூக்கம், சோம்பல் என்று வானொலியில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அண்ணை ஊரில் பாடசாலை அணிக்கு ஆரம்பத் துடுப்பாட்டக்காரராக இருந்தவர். அவரும் அந்தக் கட்சிதான்.

எனக்கு அந்த ஆட்டக்காரரைப் பற்றி வேறொன்று தெரிந்திருந்தது.

பார்வையாளர் இருக்கைகளுக்குக் கீழே, நிலக்கீழ் நடைபாதையின் முடிவில், வலையால் அடைத்த பயிற்சிக்கூடு ஒன்று உண்டு. ஏப்ரல் மாதத்து முதற்கிழமையில் அதன் வெளியே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே இயந்திரம் பந்து வீசும் சத்தம் கேட்டது. வேறு எந்த ஆட்டக்காரரும் வந்திராத நேரம். அவர் மட்டையைத் தோளில் தூக்கிப் பிடித்தபடி நின்றார். பந்து வந்தது. அவர் அடிக்கவில்லை. வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்தது. அடுத்த பந்து, அதையும் அடிக்கவில்லை, மறுபடியும் முணுமுணுப்பு. மந்திரம் சொல்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

வலைக்கு அடியால் உருண்டு ஒரு பந்து என் வாளியில் முட்டியது. சாதாரண ரென்னிஸ் பந்து. அதில் கறுப்பு மையால் 4 என்று எழுதியிருந்தது. எடுத்து நீட்டினேன்.

"நாலுதானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் என் கையிலிருந்த பந்தைப் பார்க்கவில்லை. இயந்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. கண் சிமிட்டுவதற்குள் தன்னைக் கடந்துபோகும் பந்தில் எழுதியிருக்கும் இலக்கத்தை அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து, துடைத்த தரை காயும்வரை நான் கூட்டின் பின்பக்கம் நிற்பேன். அவர் இலக்கத்தைச் சொல்வார். நான் பந்தைப் பொறுக்கிப் பார்த்து, சரி அல்லது பிழை என்பேன். பிழை என்று சொல்லும் வேளை அரிதாகவே வந்தது. அந்த நேரத்தில் எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை. தரை காய்ந்ததும் நான் வாளியை எடுப்பேன். அவர் தலையசைப்பார். ரசிகர்கள் திமிர் என்று சொன்ன அதே தலையசைப்புத்தான். பக்கத்தில் நின்று பார்த்தால், கூச்சப்படுகிற ஒருவர் நன்றி சொல்லும் விதம் அது.

ஊரில் நான் நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைந்தவன். பந்துகளில் அவர் கிறுக்கியிருந்த இலக்கங்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கேட்காமலே எடுத்து எல்லாவற்றையும் ஒரே அளவில் திருத்தி எழுதினேன். அவர் ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்தார்.

"இதைவிடச் சிறிதாக எழுத முடியுமா?" என்றார்.

முடியும் என்றேன். ஏப்ரல் முடியும்போது இலக்கங்கள் பெருவிரல் நகம் அளவுக்கு வந்தன. மே நடுவில் சின்னவிரல் நகம். பிறகு ஒரு கடலை அளவு. என் கையில் அசையாமல் இருக்கும்போதே நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து பார்க்க வேண்டியிருந்தது. அவர் பறக்கும்போது வாசித்தார்.

ஜூன் தொடக்கத்தில் எனக்கொரு குறும்பு தோன்றியது. ஒரு பந்தில் இலக்கத்துக்குப் பதிலாக 'ஞ' என்று எழுதிக் கூடைக்குள் போட்டுவிட்டேன். ஏழு, இரண்டு, ஒன்பது என்று சொல்லிக்கொண்டு வந்தவர் ஒரு பந்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. கையை உயர்த்தினார். இயந்திரத்தை நிறுத்தினேன். கூட்டிலிருந்து வெளியே வந்தவர், என் வாளித் தண்ணீரில் விரலைத் தோய்த்து, குந்தியிருந்து காய்ந்த சீமெந்துத் தரையில் கீறத் தொடங்கினார். மேலே ஒரு கோடு. பக்கத்தில் ஒரு வளைவு. கீழே சுருண்டு திரும்பும் வால். கீறிய முதற்கோடு காயத் தொடங்க, கடைசிக் கோட்டை இழுத்து முடித்தார். உள்ளே வரும் ஒரு சின்னச் சுழி மட்டும் இல்லை. மற்றபடி அது ஞதான். அந்த எழுத்தை அவர் வாழ்க்கையில் ஒருபோதும் கண்டிருக்க முடியாது.

"இது என்ன?"

"எங்கள் மொழியில் ஓர் எழுத்து."

கொஞ்சநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அழகாக இருக்கிறது," என்றார். அதன் பின் மறுபடி போய் நின்றுகொண்டார்.

அன்று மாலையே காரில் அண்ணையிடம் சொன்னேன்.

"ஆனா ஆவன்னா தெரியாதவன் ஞ கீறினவனாம்," என்று அவர் ஸ்ரியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். "இஞ்ச பிறந்த எங்கட பெடியளுக்கே ஞ தெரியாது. போடா தம்பி, சும்மா அவிட்டுவிடாதை."

அந்தப் புதன்கிழமைக்குத் திரும்புகிறேன். காலையில் அந்த ஆட்டக்காரர் வழக்கம்போல வந்தார், இலக்கங்களைச் சொன்னார், தலையசைத்துவிட்டுப் போனார். பத்திரிகையைப் பார்த்தாரோ தெரியாது. ஆட்டம் பிற்பகலில் இருந்தது. மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் நானும் அண்ணையும் மேல்தளத்துக்கு ஏறி, கடைசி வரிசை இருக்கைகளுக்குப் பின்னால் நின்றோம். அரங்கின் திறந்து மூடும் கூரை அன்று திறந்திருந்தது. அண்ணையின் கையில் இன்னும் சட்டி கழுவும் சோப்பு வாசம்.

எங்கள் துடுப்பாட்டக்காரர் அதுவரை மூன்று தடவை ஆட வந்து மூன்றிலும் ஒன்றும் கிடைக்காமல் போயிருந்தார். கடைசிச் சுற்று. இரு அணிகளும் சமநிலை. மூவர் போனால் முறை முடிந்துவிடும்; எங்கள் பக்கத்தில் இருவர் ஆட்டமிழந்தாயிற்று, மூன்று தளங்களிலும் ஆட்கள் நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய முறை வந்தது.

அரங்கம் முழுவதும் 'ஊ' என்றது.

"அடிடா கல்லுப்பிள்ளையார்!" என்று அண்ணையும் கத்தினார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் விளங்காமலே அவரோடு சேர்ந்து தலையாட்டினார்.

பேஸ்பாலில் துடுப்பாட்டக்காரருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டம் இருக்கிறது. அதற்குள் வரும் நல்ல பந்துகள் மூன்றைத் தவறவிட்டால் ஆட்டமிழப்பு. வெளியே போகும் பந்துகள் நான்கை அடிக்காமல் விட்டால் முதல் தளத்துக்குச் சும்மா நடந்து போகலாம். தளங்கள் நிறைந்திருக்கும்போது அப்படி நடந்தால் மூன்றாம் தளத்தில் நிற்பவர் ஓட்டம் எடுத்துவிடுவார், வெற்றி. மூன்று கெட்ட பந்து, இரண்டு நல்ல பந்து என்ற கட்டத்துக்கு வந்தது. அடுத்த பந்தோடு எல்லாம் முடியும்.

"உது வந்தா அடிக்கோணும், விடக்கூடாது," என்றார் அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு. "விட்டானோ, இண்டைக்கே பெட்டி கட்டுவான்."

பந்து வந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு அது ஒரு வெள்ளைக் கீறல்தான். நேராகத்தான் வந்தது. நாற்பதாயிரம் பேரும் அடி என்று கத்தினார்கள். அவர் அசையவில்லை. தலை மட்டும் மெல்லத் திரும்பி, பந்து பிடிப்பவரின் கையுறைக்குள் போகும்வரை அதன் பின்னாலேயே போனது. நான் கூட்டின் பின்னாலிருந்து எத்தனையோ காலை பார்த்த அதே திருப்பம். அவர் அதை வாசித்து முடித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

நடுவர் உடனே கையைத் தூக்கவில்லை. தூக்கினால் நல்ல பந்து, ஆட்டமிழப்பு. பிறகு அவர் முதல் தளத்தைக் காட்டினார். கெட்ட பந்து.

பெரிய திரையில் திரும்ப மெதுவாகப் போட்டுக் காட்டினார்கள். நேராக வந்த பந்து கடைசியில் வழுகி, சட்டத்துக்கு ஒரு பந்து அகலம் வெளியால் போயிருந்தது. அதற்கு மட்டையை வீசியிருந்தால் காற்றைத்தான் அடித்து ஆட்டமிழந்திருப்பார். அவர் மட்டையைப் புல்லில் மெதுவாக வைத்துவிட்டு முதல் தளத்துக்கு நடந்தார், தெருவைக் கடக்கிற மனிதரைப் போல. மற்ற ஆட்டக்காரர்கள் ஓடிவந்து ஓட்டம் எடுத்தவரைத் தூக்கினார்கள்.

அண்ணை கைதட்டவில்லை. திரை அணைந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் வாகன நெரிசல். காரில் வானொலி ஓடியது. பயிற்சியாளர் அவரைக் கீழே அனுப்பவில்லை, வெளியூர்ப் பயணத்துக்கும் கூட்டிப் போகிறார் என்று செய்தி சொன்னது. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அடுத்து நேயர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொலைபேசியில் வந்தார்கள். ஒன்றுமே செய்யாமல் நின்றவனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்றார் ஒருவர். பயத்தில் உறைந்து போனான், அது கெட்ட பந்தாகிவிட்டது என்றார் இன்னொருவர்.

அண்ணை எட்டி வானொலியை நிறுத்தினார்.

"விசர்க்கதை கதைக்கிறாங்கள்."

முன்னால் நின்ற கார்கள் மெல்ல நகர்ந்தன.

"நான் எண்டால் அடிச்சிருப்பன்," என்றார் அண்ணை. "ஓப்பினிங் ஆடினவன், ஓஃப் ஸ்ரம்புக்கு வெளியால போறதை விடப் பழகினவன். நானே அடிச்சிருப்பன், தம்பி." எங்கள் கட்டடத்தின் விளக்குகள் தெரிந்தபோது மறுபடி வாய் திறந்தார். "உந்த ஞ... உண்மையாக் கீறினவனே?"

"ஓம் அண்ணை. ஒரு சுழிதான் விட்டவர்."

"ஒரு சுழி," என்றார் அண்ணை, தனக்குத்தானே.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அன்றைய நாளை எழுதி வைத்தேன்: வெயில், வேலை மூன்று மணிக்கு முடிந்தது, ஆட்டம் பார்த்தோம், வென்றோம்.

மறுநாள் காலை வாளியில் தண்ணீர் பிடிப்பதற்கு முன், நேரே பயிற்சிக்கூட்டுக்குப் போனேன். பந்துக்கூடை இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் பயணத்தால் திரும்பும்போது ஆயத்தமாக இருக்கட்டும் என்று, மை மங்கிய இலக்கங்களை ஒவ்வொன்றாக மறுபடி எழுதினேன். கடைசிப் பந்தில் ஞ எழுதினேன், முன்பைவிடச் சிறிதாக.