சந்திராவின் வீட்டை விழுங்கிய நிரல்

“ஓடுற புரோகிராமில ஏன் அன்ரி கை வைக்கிறீங்க? நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்தது.”

எங்கள் கந்தோரில் நிரல் எழுதுகிற பொடியன் எட்வின் என்னோடு பிடித்த சண்டை இது. அடுத்தவர் எழுதிய நிரலைத் திருத்துவது, அடுத்தவள் அலங்கோலமாக்கிய குசினியில் விருந்து சமைக்கிற தொழில். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வீட்டோடு இருந்த என்னை, கொன்வென்ட் இங்கிலீசை நம்பி, சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் ஒரு நிவாரணக் கந்தோரில் பட்டியல்களைச் சரிபார்க்க இறக்கிவிட்டார்கள்; நிரலை அங்கேதான் பழகினேன்.

ஒரு குசினி, இரண்டு உப்புப் பேணி

வீடிழந்தோர் பட்டியலுக்கு எட்வின் ‘ஆர்’ என்கிற கணினி மொழியில் நிரல் எழுதினான். கொழும்பிலிருந்து வந்த ரவீந்திரன் பைதனில் எழுதினான். வயது தெரியாவிட்டால் ஒருவன் 99 போடுவான், மற்றவன் 0 போடுவான். இரண்டையும் சேர்த்ததும் கைக்குழந்தைக்குத் தொண்ணூற்றொன்பது வயது, தாய்க்குப் பூச்சியம். ஒரே மாதிரி எழுதினால் என்ன என்று கேட்டேன்.

“ரெண்டுக்கும் தெரியாதுன்னுதானே அர்த்தம், மேடம்?” என்றான் ரவீந்திரன்.

காணாமல் போன பெயர்

அலை சந்திராவின் கணவனையும் வீட்டையும் கொண்டுபோயிருந்தது. கூடாரத்திலிருந்து மூன்று முறை நடந்து வந்துவிட்டாள். அவளுடைய படிவம் என் கையில் இருக்கிறது, புதுவீட்டுப் பட்டியலில் பெயர் இல்லை. வரி வரியாகப் பார்த்தேன். எங்கள் ஊரில் வீடு மகளுக்குக் கொடுக்கிற சீதனம். அதனால் எட்வின் குடும்பத்தை மனைவி பெயரில் பதிந்திருந்தான். ரவீந்திரன் கணவன் பெயரில். இரண்டையும் பொருத்துகிற வரி கணவனைத் தேடியது. கணவன் இல்லாதவளைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டது. பிழை என்றுகூடக் காட்டவில்லை.

சந்திராவிடம் காரணத்தைச் சொன்னேன். “அந்த மனிசன் உயிரோட இருக்கக்குள்ளயும் அது என்ட வீடுதான்கா” என்றாள்.

கேட்காத கேள்வி

அதற்காகத்தான் கை வைத்தேன். இருவருக்கும் ஒரே விதி: குடும்பத்தைப் படிவத்தில் உள்ள வீட்டு இலக்கத்தால் அடையாளம் காண்பது. ஒரு நாள் முழுக்க எதுவும் ஓடவில்லை. எட்வின் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். மறுநாள் சந்திராவின் பெயர் வந்தது, அவளைப் போல் தனித்த பெண்களின் பெயர்களும் வந்தன.

யுத்தம் முடிந்து புதுப் பட்டியல் போட்டபோது அதே நிரல் ஒரு வரியும் மாறாமல் ஓடியது. சந்திரா, வீடு கட்டி முடித்தவள், தங்கச்சியைக் கூட்டி வந்தாள். யுத்தத்தில் காணாமல் போன தங்கச்சியின் கணவனை இன்னும் தேடுகிறார்கள். வீட்டு இலக்கத்தைத் தட்டினேன், பெயர் ஏறியது. சந்திரா மெதுவாகச் சொன்னாள்:

“அவனைப் பத்தி உங்கட கொம்பியூட்டர் ஒண்டும் கேக்கல்ல. நல்லதுகா.”

ஓடுகிறது என்பதற்காக நிரலை நம்புகிறவன், கொதிக்கிறது என்பதற்காகக் கறியை இறக்குகிறவன். “இனி எதை மாத்தினாலும், ஏன் மாத்தினது எண்டு மேலே ஒரு வரி எழுதி வைப்பீங்களா?” என்று எட்வினையும் ரவீந்திரனையும் கேட்டேன், இருவரும் திரையைப் பார்த்தபடி தட்டிக்கொண்டே இருந்தார்கள்.