கீழ எறங்க முடியாத தங்கச்சி

என் தங்கச்சி அன்னிக்கு பஸ்ஸ விட்டு எறங்குனப்போ போட்டிருந்த பச்ச ஸ்வெட்டரு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. சித்திர மாசம், போச்சம்பள்ளி ரோட்டுல தாரு உருகுது, இவ கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கிட்டு நிக்கறா! எனக்குச் சிரிப்புத் தாங்கல. "விடியக்கால தளில குளுரு அக்கா, கழட்ட மறந்துட்டேன்"ங்கறா. நாங்க ரெண்டு பேருமே தளில பொறந்தவங்க. கர்நாடகா எல்லையோரம் மேட்டு ஊரு, வெயிலு காஞ்சாலும் காத்து சில்லுனு இருக்கும். அவ அங்கயே வாழ்க்கப்பட்டா, என்னைக் கட்டிக் குடுத்தது இந்தப் பள்ளத்துல. வந்த புதுசுல நானும் கெறங்கிக் கெறங்கி விழுவேன், மாமியா மோர ஊத்தி ஊத்தியே தேத்துனாங்க. நல்ல மனுசி, கோவந்தான் மூக்கு மேல. சரி, அத விடுங்க.

மாங்கா பறிக்க ஒத்தாசைக்குத்தான் அவ வந்தா. வெயிலு ஏறுச்சின்னா இங்க எல்லாரும் மரத்தடிக்கு ஒதுங்கிருவோம். அவளுக்கு மேட்டு ஊருப் பழக்கம், ரோசாத் தோட்டத்துல பகல் முச்சூடும் நின்னு பூப் பறிக்கறவ. தண்ணியும் குடிக்க மாட்டா. குடிச்சா ஒதுங்க எடம் தேடணுமேன்னு. "என்னாங்கடி, வெயிலுக்குக் கோழி மாதிரி பம்மறீங்க?"ன்னு எங்களக் கிண்டல் பண்ணிக்கிட்டே கூடையத் தூக்கிட்டுப் போனா. "வாடி இவளே, விழுந்துருவ"ன்னேன். கேக்கணுமே!

கொஞ்ச நேரத்துல எங்க ஊருக் கன்னடத்துல என்னென்னமோ பொலம்பறா. தொட்டா நெருப்பு, ஒரு சொட்டு வேர்வ இல்ல. பொடவையோட தண்ணிய ஊத்தி ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கிட்டு ஓடுனோம். பொழச்சிக்கிட்டா, புண்ணியந்தான். ஆனா அதுலருந்து கொஞ்சம் சூடு பட்டாலும் அவளுக்குத் தல சுத்துது. "இனிமே கோடையில கீழ அனுப்ப மாட்டேன்"னுட்டாரு அவ ஊட்டுக்காரரு. விடிய பஸ் ஏறுனா சோத்துக்கு வந்து சேர்ற தூரந்தான். அந்த எறக்கம் எங்களப் பிரிச்சிருச்சி.

எம் பேத்திக்குக் கல்யாணம் பேசுனப்போ, "பேத்தி கல்யாணத்தத் தையில வை அக்கா, மொத ஆளா வந்து நிக்கறேன்"னு சொல்லிக்கிட்டே இருந்தா. மாப்பிள்ளைக்கு ஓசூருல கம்பெனி வேல, லீவு சித்திரையிலதான் கெடச்சிது. விடிஞ்சும் விடியாத முகூர்த்தம், அப்பவே மண்டபம் அனலடிக்குது. மருமக போனுல அவளக் காட்டுனா. சால்வ போத்திக்கிட்டு வாயெல்லாம் பல்லா ஒக்காந்திருக்கா! "பொண்ணுக்கு எப்பிடி வேர்க்குது, யாராச்சும் விசிறுங்கடி"ன்னு அங்கருந்தே அதட்டறா. தாலி ஏறுனப்போ, கையில பொத்தி வெச்சிருந்த அட்சதைய போனப் பாத்து எறிஞ்சா.

ஒரு அரிசிகூட இங்க வந்து விழல.