உப்பு வாங்க வந்தவள்

எங்கள் பக்கத்தில் குழம்புக்கு உப்பைக் காசு கொடுத்து வாங்க ஒருத்தி வருகிறாள் என்றால், ஒன்று அவள் வெளியூர்க்காரி, இல்லையென்றால் வேறு எதற்கோ வந்தவள். மரக்காணத்தைச் சுற்றிப் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் உப்பளத்து வேலைக்குப் போகிறவர். சாயங்காலம் திரும்பும்போது சாப்பாட்டுத் தூக்கில் இரண்டு கை அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார்கள். வீட்டில் அரிசி இல்லாத நாள் இருந்திருக்கிறது. உப்பு இல்லாத நாள் இருந்ததே இல்லை.

எக்கியார்குப்பம் போகிற திருப்பத்தில், ஈ.சி.ஆர். ரோட்டை ஒட்டி நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தோம். முதல் கடையைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. பலகை ஒன்றுகூட மிஞ்சவில்லை. என் தோடு, அவருடைய சைக்கிள், வந்த நிவாரணம் எல்லாவற்றையும் போட்டு அதே இடத்தில் தகரக் கூரையோடு மறுபடி நிறுத்தினோம். எங்களுக்கு இருந்த ஒரே பிழைப்பு அதுதான். அந்த ஷட்டரில் யாராவது சீல் வைத்தால் மறுநாள் உலை வைக்க வழியில்லை.

கடை வாசலில் ஒரு கல்லுப்பு மூட்டை எப்போதும் வாய் திறந்து நிற்கும். உள்ளே வைத்தால் தராசெல்லாம் துருப்பிடிக்கும், அதனால் உப்பு மூட்டை வெளியேதான். கருவாடு போடுகிற பெண்கள் அதைப் படியால் அளந்து வாங்குவார்கள். மற்றபடி தெருவில் போகிற யாரும் குழம்புக்கு வேண்டும் என்றால் கையை விட்டு அள்ளிக்கொண்டு போவார்கள். கேட்க மாட்டார்கள். நானும் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

ஒரு வேலை விளம்பரம் பொட்டலம் மடிக்க வைத்திருந்த பேப்பரில் கிடந்தது. மிஸ்டரி ஷாப்பர் தேவை. கடைக்குப் போய்ப் பொருள் வாங்கிவிட்டு, கடைக்காரர் எப்படி நடந்துகொண்டார் என்று எழுதிக் கொடுத்தால் சம்பளம். நான் சத்தமாகப் படித்தேன்.

"இன்னாடி இது, கடைக்குப் போறதுக்கு சம்பளமா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். "டீ குடிக்கிறதுக்கு சம்பளம் குடுப்பாங்களான்னு கேளு. நான் இப்பவே சேர்றேன்."

எனக்குக் கோபம் வந்தது. பி.காம். முடித்துவிட்டு பீடிக்கட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எரிச்சல் எனக்கு. கடையிலேயே ஒரு ரூபாய் காயின் போன் இருந்தது. அதிலிருந்தே சென்னைக்குப் போட்டேன்.

நான் ஒன்றும் ஏமாளி இல்லை. வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பணம் கட்ட வைத்து ஓடியவர்களை நிறையப் பார்த்த ஊர் எங்களுடையது. போனை எடுத்த மேடத்திடம் எடுத்த எடுப்பிலேயே சொன்னேன்: ஒரு பைசா முன்பணம் கட்ட மாட்டேன், தனியாக எந்த ஆபீசுக்கும் லாட்ஜுக்கும் வர மாட்டேன், ஒரிஜினல் சர்ட்டிபிகேட் தர மாட்டேன், முதலில் சின்ன வேலையாகக் கொடுங்கள், காசு வந்தால் மேலே பார்க்கலாம். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டாள். குரல் தேன் மாதிரி இருந்தது.

"உங்கள மாதிரி ஜாக்கிரதையான ஆளுங்கதான் மேடம் எங்களுக்கு வேணும்" என்றாள்.

என்னை அதுவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. அந்த நாளெல்லாம் தலைகால் புரியவில்லை.

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கூட்டமான ஓட்டலில்தான் சந்திப்பேன் என்றேன், ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்காரரையும் கூட்டிப்போனேன். கழுத்தில் டேக் மாட்டிய ஒருவர் வந்தார். பணம் கேட்கவில்லை. காபிக்கு அவரே பில் கொடுத்தார். ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஒரு போட்டோ, போன் நம்பர், வீட்டுக்கும் கடைக்கும் வழி காட்டி ஒரு மேப், இவ்வளவுதான் கேட்டார். நான் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். மேப்பை அங்கேயே போட்டுக் கொடுத்தேன், புளியமரத்தைக்கூட விடாமல்.

இதை வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் கழுத்தில் டேக் போட்டவர் யார் வந்தாலும் ரேஷன் கார்டு ஜெராக்ஸ்தான் கேட்டார்கள். அரிசிக்கு ஜெராக்ஸ், பாய்க்கு ஜெராக்ஸ், படகுக்கு ஜெராக்ஸ். கொடுத்தவருக்குக் கிடைத்தது, கொடுக்காதவருக்கு இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் பிளாஸ்டிக் கவரில் ஒரு கத்தை தயாராக இருக்கும். நாய் வந்து கேட்டாலும் ஒன்று கொடுத்துவிடுவோம் போல ஆகியிருந்தது. காசு கேட்பவர்தான் திருடர் என்று எனக்குத் தெரியும். ஜெராக்ஸ் கேட்பவரைப் பார்த்து ஒரு நாளும் பயந்ததில்லை.

முதல் வேலை ஒரு செல்போன் கடை. அடுத்தது ஒரு செருப்புக் கடை. விற்கிற பையன் வணக்கம் சொன்னானா, பில் கொடுத்தானா, கடை பெருக்கியிருந்ததா என்று பார்க்க வேண்டும். யார் அனுப்பியது என்று சொல்லக் கூடாது, சண்டை போடக் கூடாது. செருப்புக் கடைக்காரன் என் காலைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ரப்பர் செருப்பே போதும்மா" என்றான். என் வாய்க்கு அவனை அங்கேயே உரித்துத் தொங்கவிட்டிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு வந்து பேப்பரில் தீர்த்துக்கொண்டேன். காசு ஒழுங்காக மணியார்டரில் வந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவதை நிறுத்திவிட்டார்.

மூன்றாவதாக உப்பு வந்தது.

எங்கள் கல்லுப்பு மாதிரி அயோடின் கலக்காத உப்பைக் கருவாட்டுக்கு விற்கலாம், சமையலுக்கு விற்றால் கேஸ் போடுவார்கள், கடைக்குச் சீல் வைப்பார்கள் என்று பேச்சு பலமாக இருந்த வருஷம் அது. மேடம் போனில் எனக்கு வசனம் சொல்லிக் கொடுத்தாள். பொம்மையார்பாளையத்தில் ஒரு மளிகைக் கடை. "வீட்டுக்கு விருந்தாளி வந்துட்டாங்க, குழம்புக்கு உப்பு இல்ல, கொஞ்சம் கல்லுப்பு குடுங்க" என்று கேட்க வேண்டும். குழம்பு என்ற வார்த்தையை விடக் கூடாது. காசு கொடுத்தே வாங்க வேண்டும். எந்த ஊர் உப்பு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

"எதுக்கு மேடம் குழம்புன்னு சொல்லணும்?" என்றேன்.

"அப்படித்தான் மேடம் ஃபார்மேட்" என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் போனேன்.

உச்சிவெயில். கடையில் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். வசனத்தை ஒப்பித்தேன். நடு வயதுக் கடைக்காரர் ஒரு பிடி உப்பை எடுத்துப் பேப்பரில் கொட்டினார். என் கை சும்மா இருந்ததா? நாலு கல்லை எடுத்து விரலால் நசுக்கி, ஒன்றை நாக்கில் வைத்தேன். எங்கள் ஊரில் குழந்தைகூட அப்படித்தான் செய்யும். செய்தது எனக்கே தெரியவில்லை.

பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"நீ உப்பளத்துப் பொண்ணாச்சே" என்றார். "உனக்கு இன்னாத்துக்கும்மா உப்பு?"

நின்றிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"யாரு அனுப்பிச்சாங்க உன்னை?"

"தெரியாதுங்க" என்றேன். அது பொய் இல்லை.

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. பொட்டலத்தைப் பிரித்து உப்பை மூட்டையிலேயே கொட்டினார். மூட்டையை இழுத்து உள்ளே வைத்தார். "யாருக்குன்னே தெரியாம ஒருத்தன் பொழப்புல கைய வெக்க வந்தியாம்மா" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பின்னால் வந்தார். நான் நின்றால் நின்றார். நான் பஸ் ஏறும் வரை அங்கேயே இருந்து பஸ் நம்பரைப் பார்த்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருக்கு நான் எந்தக் கடைக்குப் போகிறேன் என்றுகூடத் தெரியாது. ரகசியம் என்று மேடம் சொல்லியிருந்தாளே.

மறுநாள் காயின் போனில் மேடத்தைக் கூப்பிட்டேன். இந்த ரிப்போர்ட் யாருக்குப் போகிறது என்று கேட்டேன்.

"க்ளையண்ட் பேரு சொல்ல எங்களுக்கு பர்மிஷன் இல்ல மேடம்."

"பாக்கெட் உப்புக்காரங்களா? கவர்மெண்டா? யாருன்னு சொல்லுங்க. சொல்லலன்னா நான் செய்ய மாட்டேன்."

"பரவாயில்ல மேடம்" என்றாள். குரல் அதே தேன். "வேற ஆளு செய்வாங்க. அது சரி, உங்க கடையிலயும் கல்லுப்பு மூட்டை வெளியிலதானே இருக்குது?"

நான் உப்பைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மேப்பில் புளியமரம் போட்டேன், மூட்டையைப் போடவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தேன். வெயிலில் யாருமே இல்லை. உப்பளத்துப் பக்கமிருந்து வெள்ளையாகக் கண் கூசியது.

அதற்குப் பிறகு அந்த போன் மத்தியான வேளைகளில் அடிக்க ஆரம்பித்தது. எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். "ராங் நம்பரா இருக்கும், உடு" என்றார் வீட்டுக்காரர். அன்றுதான் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். "மூட்டைய உள்ள வெச்சிடலாங்க" என்றேன். "கருவாட்டு உப்புக்கு எவன் இன்னா செய்வான்? இன்னைக்கு உள்ள வெச்சா ஊரே ஏன்னு கேக்கும்" என்றார்.

சில வாரம் கழித்து, நான் கடைக்குப் பின்னால் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் குரல் கேட்டது.

"அண்ணே, வீட்டுக்கு விருந்தாளி வந்துட்டாங்க, குழம்புக்கு உப்பு இல்ல, கொஞ்சம் கல்லுப்பு குடுங்க."

ஒரு எழுத்து மாறவில்லை. சாம்பல் கையோடு முன்னால் ஓடி வந்தேன்.

என் வீட்டுக்காரர் பேப்பரில் உப்பு கட்டி நீட்டிவிட்டிருந்தார். அவள் ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டினாள்.

"குழம்புக்குத்தானேம்மா? உப்புக்கு யாராவது காசு வாங்குவாங்களா? எடுத்துனு போ" என்றார்.

அவர் தெரிந்து சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கு மூச்சு வந்தது. காசு வாங்காவிட்டால் அது வியாபாரம் இல்லை. ஆனால் அந்தப் பெண் நாணயத்தை மிட்டாய் பாட்டில் மூடி மேல் வைத்துவிட்டு விடுவிடுவென்று நடந்தாள்.

நாணயத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் அவள் கையைப் பிடித்துத் திருப்பினேன். நன்றாகக் கேட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சின்னப் பெண்.

"அக்கா, நான் புதுசுக்கா. இதுதான் எனக்கு முதல் வேலை."

"எந்த ஊரு நீ?"

"இரும்பை கிராமம்க்கா."

"பணம் எதாவது கட்டுனியா?"

"இல்லக்கா. காசே கேக்கல. அதனாலதான் நல்ல கம்பெனின்னு சேர்ந்தேன்."

எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. "ரேஷன் கார்டு ஜெராக்ஸ் குடுத்தியா?" என்றேன். தலையாட்டினாள். "மேப்பு?"

"எங்க அம்மா இட்லி கடை வெச்சிருக்காங்க. அதுக்குப் போட்டுக் குடுத்தேன்."

அவள் உள்ளங்கையில் நாணயத்தை வைத்து விரல்களை நான் மூடினேன். உப்புப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். "யாருக்காக இதச் செய்யறேன்னு கேளு. சொல்லலன்னா போவாத" என்றேன். "இன்னைக்குப் போய் உங்க அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லு."

"அக்கா," என்றாள் அவள். "நான் ஒழுங்கா செய்யறனான்னு பக்கத்துல இருந்து ஒருத்தர் பார்த்துனு இருப்பாருன்னு அந்த மேடம் சொன்னாங்க."

இரண்டு பேரும் சுற்றிப் பார்த்தோம். டீக்கடை பெஞ்சில் சிலர் இருந்தார்கள். ஓரமாக ஒரு வேன் நின்றிருந்தது. ஒருவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்தபடி இருந்தார். எல்லோரும் தெரிந்த முகம் மாதிரியும் இருந்தது, தெரியாத முகம் மாதிரியும் இருந்தது. பஸ் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

யாரும் வரவில்லை. சீல் வைக்கவில்லை, நோட்டீஸ் ஒட்டவில்லை. போனும் ஒரு நாள் நின்றுபோனது. மேடத்தின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றார்கள். அவர்கள் யார், யாருக்காகக் கேட்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பாக்கெட் உப்புக்காரர்களோ, கடைக்காரர்களை மிரட்டிப் பிழைப்பவர்களோ, சும்மா ஒரு கம்பெனியோ.

ஆனால் அந்தப் பெண் வந்துபோன மறுநாள் காலையில் கடை திறந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா எப்போதும் போல வந்தாள். சுனாமி வந்த அன்று என் கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடியவள் அவள்தான். பேசிக்கொண்டே மூட்டைக்குள் கையை விட்டாள்.

"எதுக்குக்கா?" என்றேன். "குழம்புக்கா, கருவாட்டுக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். கேட்டது நான்தானா என்று பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த உப்பை மூட்டையிலேயே போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.