மாதா போகக்கூடாத வீடு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவில் மாதா சொரூபம் வீட்டுக்கு வீடு செல்லும் மாதம் இது. இன்று ரீட்டா அக்காவின் முறை. வீடு கழுவி, மெழுகுதிரி ஏற்றி வாசலில் காத்து நின்றார்.

"அங்க கொண்டுபோகேலாது. மகன் ஐஸ் போதை கேஸில உள்ளுக்க. பொலிஸ் வந்துபோற வீடு, மாதாவுக்கு மரியாதை இல்ல," என்றார் செபக்குழுத் தலைவர்.

பிரசங்கத்தில் குறட்டை விடும் எனக்கே கொதித்தது.

"அண்ணே, மாதாட மகனையும் பிடிச்சுக்கொண்டுதானே போனாங்க? ரெண்டு தாய்க்கும் கதைக்க எவ்வளவு இருக்கும்!"

"பூசைக்குப் பிந்தி வாறவன் எனக்குப் படிப்பிக்கிறானாம்!"

உண்மைதான். ஆனால் போதை நுழைந்த வீட்டுக்குள் விசுவாசம் நுழையாதென்றால், வழி தெரியாதவர்கள் எங்கே போவது?

சொரூபத்தை நானே தூக்கிப் போனேன். வழியில் தடுத்தது என் தொந்தி மட்டும்தான்.

மாதா இப்போது ரீட்டா அக்கா வீட்டில். திருப்பி எடுக்க நினைப்பவர்கள் தாராளமாக வரலாம், முழந்தாளிட இடமிருக்கிறது.