மூலை சீட்டு

வேன் பனிக்குள் மறைந்த பிறகும் அதன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நன்றாகவே ஓடியது. அதுதான் எங்களுக்கு வருத்தம். அத்தை ரயில்வே கேட்டைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் என் கை. எனக்குப் பதினொரு வயது. கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் வயதல்ல. ஆனாலும் நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

"பாத்தியாடா, நான் எறங்கினதும் வண்டிக்கு உசுரு வந்துடுச்சு" என்றாள்.

வேன் அப்பாவுடையது. ஓட்டுவதும் அவர்தான். எங்கள் ஊரிலிருந்து ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குப் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் திரும்பக் கூட்டி வருவார். எட்டுப் பேருக்கான வண்டியில் பன்னிரண்டு பேர் உட்கார்வார்கள். வழியில் என் பள்ளிக்கூடம் இருந்ததால் நானும் கதவோரம் ஒண்டிக்கொள்வேன். அத்தை அப்பாவின் தங்கை. கலவை என்ற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே சரிப்படாமல் பெட்டியோடு திரும்பி வந்து, அதே கம்பெனியில் தையல் மிஷினில் சேர்ந்திருந்தாள். அவள் ஏற ஆரம்பித்த வாரத்திலிருந்துதான் வேன் நடுவழியில் நிற்க ஆரம்பித்தது.

நிற்பதற்கு ஒரு முறை இருந்திருந்தால் அப்பா சமாளித்திருப்பார். ஒருநாள் வேகத்தடையில் நிற்கும், மறுநாள் அதே வேகத்தடையை ஏறி இறங்கி ஓடும். செல்ப் அடித்தால் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. எல்லோரும் இறங்கித் தள்ளினால் பிடித்துக்கொள்ளும். தள்ளியதால்தான் பிடித்தது என்று நாங்கள் நம்பினோம். ஆம்பூர் எல்லையில் கடை வைத்திருந்த எலக்ட்ரீஷியன் பாய் பியூஸை மாற்றினார், ரிலேயை மாற்றினார், சாவி போடும் சுவிட்சையே கழற்றி வேறு போட்டார். அவரிடம் போனால் வேன் ஒரு தரம்கூட நிற்காது. கடை வாசலில் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும்.

"உன் வண்டிக்கு என்னப் பாத்தா பயம்" என்பார் பாய். அப்பாவுக்குச் சிரிப்பு வராது. எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள். பிந்தினால் அந்தப் பெண்களுக்கு அரை நாள் கூலி போகும். இன்னொரு தரம் பிந்தினால் வேறு வேனைப் போட்டுக்கொள்வோம் என்று கம்பெனியில் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள்.

பெண்கள் அத்தையிடம் நேராக ஒன்றும் சொல்லவில்லை. பைகளைக் கொடுக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். நெரிசலான வண்டியில் உட்கார்ந்திருப்பவர் மடியில் மற்றவர்களுடைய பைகள் வந்து சேர்வது எங்கள் பக்கத்து வழக்கம். பின்னால் இடது மூலையில், கம்பி குத்தும் சீட்டில், அத்தை உட்கார்வாள். அதற்கு முன்னால் அந்தச் சீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை. தண்ணீர் கேனை வைத்திருந்தோம். அத்தை உயரமும் பருமனுமாக இருப்பாள். ஐந்தாறு பைகளுக்கு இடமிருந்த அந்த மடி காலியாகவே வரும்.

அன்றைக்குக் காலை தண்டவாளத்தைத் தாண்டியதும் வேன் நின்றது. அப்பா செல்ப் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அக்கா, அவள்தான் அந்தக் கூட்டத்துக்குப் பெரியவள், திரும்பாமலேயே சொன்னாள்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. எல்லாரும் வேணாம். அவங்க மட்டும் எறங்கட்டும், பாக்கலாம்."

அப்பா கண்ணாடியில் அத்தையைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தை சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். கதவோரம் இருந்த நான் வழிவிட முதலில் இறங்கி, பனிக்காக விளக்குப் போட்டிருந்த வேனுக்குப் பின்னால் போய் நின்றேன்; அவளும் எழுந்து இறங்கி வந்தாள். அப்பா சாவியைத் திருகினார். முதல் தரத்திலேயே பிடித்துக்கொண்டது.

"புடிச்சிருக்கும்போதே போய்டலாண்ணா. மறுபடி ஏத்தாதீங்க."

"பின்னால நடந்து வாங்கம்மா, கிட்டதான்" என்றார் அப்பா. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. மற்ற பதினொரு பேரோடு வேன் கிளம்பிப் போனது.

கிட்ட ஒன்றும் இல்லை. தோல் பதனிடும் தொட்டிகளின் வாடை வர ஆரம்பித்தபோதே எனக்குக் கால் வலித்தது. ஒரு சிறுபாலத்துச் சுவரில் அத்தை உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

"கம்பெனி கேட்ட மூடியிருப்பான். கனம் கம்மியானா வண்டியே ஓடுது. நான் மட்டும் எதுக்குச் சோத்தத் தூக்கிட்டு நடக்கணும்?"

எலுமிச்சைச் சோற்றைப் பாதிப் பாதியாகச் சாப்பிட்டோம். பள்ளிக்கூடமும் பிந்திவிட்டது என்பதால் எனக்கு நன்றாகவே இறங்கியது. வாயில் சோறோடு சொன்னேன். "அத்த, நீ எறங்கினதும் பின்னாடி செவப்பு லைட்டு பளிச்சுனு ஆச்சு. அதுக்கு முன்ன மங்கலா இருந்துச்சு."

"அதுக்கும் சந்தோஷமா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு டப்பாவை வெகு நேரம் கழுவினாள்.

பாய் கடையை நாங்கள் அடைந்தபோது வேன் அங்கே நின்றது. பெண்களை இறக்கிவிட்டு அப்பா நேராக வந்திருந்தார். பாய் பானெட்டுக்குள் குனிந்திருந்தார். எங்களைக் கண்டதும் அப்பா எழுந்தார். என் புத்தகப் பையை வாங்கிக்கொண்டார்.

அத்தை அவரிடம் பேசவில்லை, பாயிடம் பேசினாள். "ஏன் பாய் அங்க தேடறீங்க? நோவு இங்க நிக்குது. நான் எறங்கினா இஞ்சினு மட்டுமில்ல, பின்னாடி லைட்டுகூட பளிச்சுனு எரியுதாம். இவன் சொல்றான்."

பாய் குனிந்தபடியே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா பாத்த, சொல்லு."

சொன்னேன். பாய் விளக்கைப் போட்டுவிட்டுச் சுற்றி வந்து பின் விளக்குகளைப் பார்த்தார். பிறகு அத்தையிடம், "ஏம்மா, எப்பவும் எங்க உக்காருவ? ஏறி அங்கயே உக்காரு" என்றார்.

"நான் எதுக்கு? எங்கண்ணந்தான் எறங்கச் சொன்னாரு. ஏறுன்னும் அவரே சொல்லட்டும்."

கடையில் இருந்தவர்களும் பக்கத்து டீக்கடையில் நின்றவர்களும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏறும்மா" என்றார். துண்டை இறக்கிவிட்டு மறுபடி சொன்னார்.

அத்தை ஏறி மூலையில் உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு இரண்டும் மங்கின. "எழுந்திரு" என்றார் பாய். பளிச்சென்று எரிந்தன. "உக்காரு." மங்கின. டீக்கடைக்காரர்கள் கிட்டே வந்துவிட்டார்கள். உட்கார், எழுந்திரு என்று பாய் மாற்றி மாற்றிச் சொல்ல, விளக்குகள் கண் சிமிட்ட, அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போதும் பாய், இடுப்பு ஒடிஞ்சிடும்."

சீட்டைத் தூக்கினார்கள். அடியில் தரைத் தகடு பப்படம்போலப் பொரிந்திருந்தது. பெட்ரோல் தள்ளும் பம்புக்கும் பின் விளக்குக்கும் சேர்த்து ஒரே எர்த் வயர். அந்தத் தகட்டில்தான் போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. ஆள் உட்கார்ந்தால் தகடு அமுங்கும், போல்ட் ஆடும், எர்த் தொடர்பு தளரும், விளக்கு மங்கும். குலுக்கலில் முழுக்க விட்டுப்போனால் பம்ப் நிற்கும், வண்டி நிற்கும். வண்டியைத் தள்ள எல்லோரும் இறங்கும்போது அத்தையும் இறங்குவாள், தகடு நிமிர்ந்துகொள்ளும். காலி வண்டியைச் சோதித்த பாய்க்கு அது எப்படித் தெரியும்?

பாய் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். துருவோடு வெள்ளையாக உதிர்ந்து தகட்டில் துளை விழுந்தது.

"உப்பு. இது தோல் ஏத்தின வண்டி, தோஸ்த். பச்சத் தோலுக்கு உப்புப் போட்டு ஏத்துவான், தண்ணி ஒழுகி எறங்கும். எங்க வாங்கின?"

"மேல்விஷாரத்துல. ஸ்கூல் பசங்க மட்டுந்தான் போனாங்கன்னு சொன்னான்" என்றார் அப்பா.

"மாட்டு ஸ்கூலா இருக்கும்."

அத்தை அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடை வாசலில் உட்கார்ந்து, கேட்காமலேயே வந்த டீயை நிதானமாகக் குடித்தாள். பாய் வயரை அறுத்து, நல்ல இரும்பு இருந்த இடத்தில் சுரண்டிப் புது போல்ட் போட்டார். தகட்டுக்கு ஒட்டு வைத்தார்கள். நாங்கள் கிளம்பும்போது பாய், "லைட்டு பாக்க எனக்கு ஒரு ஆளு வேணும். நாளைக்குப் பையன விடு" என்று அப்பாவிடம் கேட்டார். ஒருநாள்தானே என்று அப்பா தலையாட்டினார். அந்த ஒருநாள் இன்னும் முடியவில்லை; அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போன நாட்கள் கொஞ்சம், வேலை பார்த்த ஊர்கள் அதிகம்.

மறுநாள் காலை அத்தை அதே மூலையில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் ஏறினார்கள். அத்தையைக் கண்டதும் பைகளை மார்போடு அணைத்துக்கொண்டார்கள்.

"வண்டிக்கு இன்னாண்ணா ஆச்சு?" என்று முன் சீட்டு அக்கா கேட்டாள்.

"பேட்டரி வீக்கு. சரி பண்ணியாச்சு" என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. கண்டுபிடித்தவன் நான். விளக்கு, தகடு, உப்பு எல்லாவற்றையும் சொல்ல வாயைத் திறந்தேன். "அத்த உக்காந்தா..." என்று ஆரம்பித்தவுடன் அத்தை என் பாதத்தை மிதித்தாள். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது.

ரயில்வே கேட் வந்தது. எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். வேன் குலுங்கி ஏறியது, குலுங்கி இறங்கியது, போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொருவராகக் கம்பியை விட்டார்கள். பிறகு முன் சீட்டு அக்கா தன் பையைத் தலைக்கு மேலே நீட்டினாள். "இத அவங்ககிட்ட குடுங்கடி." பை கைமாறிக் கைமாறி அத்தையின் மடிக்கு வந்தது. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று. அத்தையின் முகம் பைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. இத்தனை கனத்தைச் சுமக்கிறவள் ஏன் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா ஏன் பொய் சொன்னார் என்பதும் விளங்கவில்லை. அத்தை உட்கார்ந்தால் வண்டி நின்றது உண்மைதான். அதைச் சொல்ல ஆரம்பித்தால் அவர்கள் எந்த இடத்தோடு காதை மூடிக்கொள்வார்கள் என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு என் பெயர் வெளியே வரவில்லையே என்ற கோபம் மட்டும் இருந்தது.

கோபத்தோடுதான் பாய் கடையில் இறங்கினேன். ஒரு லாரிக்குப் பின்னால் என்னை நிறுத்தி, விளக்கு எரிந்தால் எரியுது, எரியாவிட்டால் எரியல என்று கத்தச் சொன்னார். அதுதான் வேலை. எதிரே எங்கள் வேன் கிளம்பியது. பனியில் அதன் சிவப்பு விளக்கு இரண்டும் மங்காமல் போயின.

"எரியுது பாய்" என்று கத்தினேன்.

"நான் இன்னும் சுவிட்சே போடலடா" என்றார் பாய்.