கடைசிப் பக்கம் முதலில்

மகன் நேற்றுச் சுரங்க வேலை முடிந்து வந்து கழற்றிப் போட்ட யூனிஃபார்மை ஊறவைக்க எடுத்தேன். பழுப்பு நிலக்கரியின் அந்த ஈர மண் வாடை வந்ததும், எப்போதோ இடித்துத் தள்ளிவிட்ட எங்கள் பழைய குவார்ட்டர்ஸின் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

அப்பாவும் மைன்ஸில்தான் இருந்தார். அவர் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வரும்வரை, அம்மாவும் நானும் அங்கே உட்கார்ந்து ஒரே நாவலை ஆளுக்கொரு பக்கமாக உரக்கப் படிப்போம். சுரங்கத்தில் வெடி வைத்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும், அம்மாவின் குரல் பாதி வரியில் நின்று, கொஞ்ச நேரம் கழித்து மெல்லத் தொடங்கும். எந்தப் புத்தகமானாலும் கடைசிப் பக்கத்தைப் பார்த்து, கதாநாயகன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த பிறகுதான் முதல் பக்கத்துக்கு வருவாள். ஒருமுறை நூலகப் புத்தகத்தில் கடைசித் தாள் கிழிந்திருந்தது.

"முடிவு தெரியாததுலாம் வூட்ல வேணாம்டி, குடுத்துட்டு வா" என்று அப்போதே அனுப்பிவிட்டாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு எரிச்சல்.

இப்போது மகன் போடும் சூப்பர் ஹீரோ படங்களில் நானும் அதையேதான் கேட்கிறேன்: "இவன் பொழச்சிக்குவானாடா?"

"அத சொல்லிட்டா அப்புறம் என்னாம்மா பாக்கறது?"

நேற்றுப் பாதியில் நிறுத்தினான். "மீதிய நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சி வந்து பாக்கலாம். நீ ஓட்டிப் பாத்துடாத."

டிவியைப் போட்டேன். நிறுத்திய இடத்திலேயே, இடிந்த கட்டடத்துக்கு அடியில் கிடக்கிறான் அந்த ஹீரோ. ரிமோட் என் கையில்தான் இருக்கிறது. அவன் பிழைத்துக்கொள்வான், தெரியும்.

மணி மூன்றாகிறது. இரண்டரைக்கே வந்துவிடும் ஷிப்ட் பஸ் இன்னும் வரவில்லை.