என் அண்ணன் பாய்க்குச் செய்த பாட்டு

என் அண்ணனுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அதுவரை எங்கள் சொந்தபந்தத்தில் அவர் ‘ஒரு மாதிரி’. அம்மா போன பிறகு மலேசியாவில், பொந்தியானில் என் வீட்டில்தான் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். அவசியமென்றால் இரண்டு மூன்று வார்த்தைகள் வரும்.

போன வருடம் எங்கள் ஊர் முதியோர் பகல்நேர நிலையத்துக்கு ஜொகூர் பாருவிலிருந்து ஒரு பெண் வாராவாரம் வரத் தொடங்கினார். இசைச் சிகிச்சை அவருடைய தொழில். அண்ணனைப் போன்ற வயதானவர்கள் ஆளுக்கொரு பாட்டு செய்து, பதிவுசெய்து, தங்களுக்கு வேண்டியவர்களிடம் விட்டுச்செல்ல வேண்டும் என்றார். பிள்ளைகுட்டி இல்லாத என் அண்ணனுக்கும் விட்டுச்செல்ல ஏதோ இருக்கும் என்று அந்தப் பெண் நம்பியதே எனக்குப் பெரிதாக இருந்தது.

ஆனால் அண்ணன் கீபோர்டைத் தள்ளிவிட்டார். மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண் வற்புறுத்தவில்லை. எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்படியே சில வாரங்கள் போயின.

ஒருநாள் அண்ணன் தேநீர் குடித்த குவளையையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டார். கரண்டியை மேசையில் கர்ரென்று நீளமாக இழுத்தார். பிறகு குவளையில் மெல்லத் தட்டினார். அந்தப் பெண் கித்தாரில் கூடவே வாசிக்கப் போனார். அண்ணன் கையை உயர்த்தினார்.

“இன்னும் தொறக்கல.”

“சாரி அங்கிள். தொறந்ததும் சொல்லுங்க.”

தட்டல் வேகமானது. “இப்ப,” என்றார். உள்ளங்கையால் மேசையில் பட்பட்டென்று அறைந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது பாய் கடை.

எங்கள் தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்காரரைத்தான் பாய் என்போம். பல வருடங்களாக அண்ணன் காலையில் கடை திறக்கும் முன்பே போய் மூலை மேசையில் உட்கார்ந்துவிடுவார். இரும்புக் கதவு ஏறுவது, குவளைகளை அடுக்குவது, பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க்கு மாவை அறைவது, எல்லாம் வரிசை மாறாமல் அவருக்குள் இருந்தன. நானும் அந்தக் கடையில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். அங்கே இவ்வளவு சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது.

பதிவு முடிந்ததும் அந்தப் பெண் கேட்டார். “இந்தப் பாட்டு யாருக்கு, அங்கிள்?”

எனக்குத்தான் என்று நினைத்து நான் ஏற்கெனவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“பாய்க்கு.”

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். “தங்கச்சிக்கு இல்லையா?”

“அவ இங்கயே கேட்டுட்டா.”

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிடம் சிரிப்பும் வந்தது. அவர் சொன்னதில் என்ன தப்பு?

மூன்று பேரும் கடைக்குப் போனோம். பாய் டிவியை அணைத்துவிட்டு, பதிவை நின்றபடியே கேட்டார். ரொட்டி அறையும் சத்தம் வந்தபோது அடுப்பருகே யாரோ சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை.

“அண்ணே, இது நம்ம கடையா?”

“ஆமா.”

“எனக்குன்னு ஒருத்தர் பாட்டு பண்ணுவாருன்னு நான் நெனச்சதே இல்ல லா.”

வேறு யாராக இருந்தாலும் பாய் கட்டிப்பிடித்திருப்பார். யாரும் தொட்டால் அண்ணனுக்குப் பிடிக்காது என்பது பாய்க்குத் தெரியும். தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அண்ணன் மட்டும் திருப்தியில்லாமல் தலையை ஆட்டினார். “தே தாரேக் விட்டுப்போச்சு.”

பாய் உள்ளே போய், தேநீர் இழுத்து ஆற்றும் பெரிய குவளைகள் இரண்டையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். “எடுத்துட்டுப் போங்கண்ணே. நல்லா சேத்து அடிங்க.”

அடுத்த வாரம் பாட்டை மறுபடி முதலிலிருந்து பதிவு செய்தார்கள்.